தட்டுப் படத்தின் கருத்துக் கொப்பி

தட்டுப் படம் உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

எங்கள் தீவின் சுருவில் சந்தியில் இருந்த கடையின் பின்வளவில், வெய்யில் சாய்கிற நேரம், என்னோடு மண்ணில் இருந்து அதைப் பார்த்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அப்போது நாங்கள் ஐந்தாம் வகுப்பு. இப்போது உங்களில் பாதிப்பேர் பனி கொட்டுகிற ஊர்களில் இருக்கிறீர்கள். என் தலையில் முதல் நரை வந்துவிட்டது. உங்களுக்கும் வந்திருக்கும், தெரியாதபடி படம் எடுத்துப் போடுகிறீர்கள்.

அந்தப் படத்துக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அது தெரியாது. வானத்திலிருந்து தட்டு இறங்கியது, ஆகவே தட்டுப் படம்.

சமாதானம் என்று சொல்லிக்கொண்ட காலம் அது. காவலரண்கள் அப்படியே இருந்தன, ஆனால் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய் அன்றைக்கே திரும்பலாம். தெற்கில் கடை வைத்திருந்து, அதை விட்டுவிட்டு ஊரோடு வந்த ஒருவர் சந்தியில் கடை திறந்தார். எல்லோரும் அவரை முதலாளி என்றார்கள். அவரிடம் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் சீடி போடுகிற டெக்கும் ஜெனரேற்றரும் இருந்தன. ஞாயிறு பின்னேரம் பின்வளவில் படம். பூவரசுகளுக்கு இடையில் சாக்குக் கட்டி வெளிச்சத்தை மறைப்பார். முன்னால் நாலைந்து கதிரைகள். அவை யாருக்கென்று சொல்லத் தேவையில்லை. பிறகு பாய்கள். பிறகு மண். மண்ணுக்கும் அப்பால், கிடுகு வேலியோடு ஒட்டி, என் ஐயாவும் அவரைப் போன்ற இன்னும் சிலரும் நின்றபடி பார்ப்பார்கள். அந்த வேலியை அடைத்தவரும் ஐயாதான்.

ஒவ்வொரு படத்துக்கும் முதலாளி ஒரு கொப்பி வைத்திருந்தார். படம் முடிந்ததும் வீட்டுக்கு ஒருவர் அதில் கருத்து எழுத வேண்டும். "சனத்துக்கு என்ன பிடிக்குது எண்டு தெரிஞ்சால்தானே அடுத்த முறை அதைக் கொண்டரலாம்" என்பார். எழுதாமல் நழுவினால் அடுத்த ஞாயிறு படலையில் மறித்துக் கேட்பார். பிறகு கிழமை முழுக்க அந்தக் கொப்பி கடை யன்னலில் சணல் கயிற்றில் தொங்கும். சீனி வாங்க வருகிறவர்கள் அதை விரித்து வாசிப்பார்கள். கருத்துக்குக் கீழே கருத்து எழுதுவார்கள். பேப்பர் வாசித்தவர்களைவிட அந்தக் கொப்பியை வாசித்தவர்கள்தான் ஊரில் அதிகம்.

எங்கள் வீட்டுக்காக எழுதியவள் நான். எனக்கு முன் எங்கள் வீட்டில் ஒருவரும் பள்ளிக்கூடத்தின் உள்ளே இருந்ததில்லை. வேலி அடைக்கப் போன ஐயா அதன் வெளிப்பக்கத்தை நன்றாக அறிவார். இதை நான் வெட்கத்தோடு சொல்லவில்லை. அன்றும் எனக்கு அது பெருமை, இன்றும் பெருமை. அந்தப் பெருமையில் நான் செய்ததைத்தான் சொல்ல வந்தேன்.

அன்றைக்குப் போடவிருந்தது ஒரு தமிழ்ப் படம். சீடிப் பெட்டியின் மேலே நாங்கள் அறிந்த முகங்கள் சிரித்துக்கொண்டிருந்தன. கொழும்பில் தெருவோரம் வாங்கியது. உள்ளே போட்டால் கறுப்பு வெள்ளையில் ஒரு வெள்ளைக்காரன் புகைத்துக்கொண்டு எதையோ பேசுகிறான். முதலாளி வெளியே எடுத்துத் துடைத்துத் திரும்பப் போட்டார். திரும்பவும் அதே வெள்ளைக்காரன். ஜெனரேற்றர் ஓடத் தொடங்கிவிட்டது, சனமும் இருந்துவிட்டது. "சரி, வந்ததைப் பாருங்கோ" என்றார்.

அந்தப் படத்துக்கு நாங்கள் சிரித்த சிரிப்பை எந்த நகைச்சுவைப் படத்துக்கும் சிரித்ததில்லை. தட்டு ஆடி ஆடி இறங்கியது.

"உது சட்டி மூடியெல்லோ" என்றா பாயில் இருந்த ஒரு மாமி. "பிடி கூடக் கழட்டேல்லை, பாருங்கோ."

"தூண்டில் போடுற தங்கூசியிலதான் கட்டியிருக்கு" என்றார் வேலியோரம் நின்ற ஒரு கடற்தொழிலாளி. "எங்களிட்டக் கேட்டிருந்தால் தெரியாத மாதிரிக் கட்டிக் குடுத்திருப்பம்."

ஒரே கார் ஒரே தெருவில் மூன்று முறை போனது. "அந்த ஊருக்கும் ஒரு கார்தானாக்கும்." முதலாளிக்குத் தெரிந்த இங்கிலிசில் இடையிடையே மொழிபெயர்த்தார். "வேற உலகத்து ஆக்களாம். தண்ணி தேடி வந்திருக்கினமாம்."

"தண்ணிக்கெண்டால் எங்கட தீவுக்கு வராயினம். வந்தாலும் ஒரு வாய் குடிச்சிட்டு, உப்பெண்டு துப்பிப்போட்டுப் போயிடுவினம்."

தட்டிலிருந்து இறங்கியவர்கள் பளபளக்கிற உடுப்புப் போட்டிருந்தார்கள். தலையில் வாளி. வாளியில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. அவர்களைக் கண்டு சின்னப் பிள்ளைகள் கூடப் பயப்படவில்லை. அவர்கள் ஒரு கிராமத்துக்குள் போய் ஆட்களை வெளியில் கூப்பிட்டு ஒரு மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். வாளிக்காரன் ஒருவன் வரிசைக்கு முன்னால் மெதுவாக நடந்தான். ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால் நின்றான். சிலருக்கு முன்னால் வாளி அசையவில்லை. சிலருக்கு முன்னால் மேலும் கீழும் ஆட்டினான். ஆட்டப்பட்டவர்களைத் தட்டுக்குள் ஏற்றினார்கள்.

வளவு முழுவதும் சத்தம் நின்றுபோனது. சிரிக்கத் தொடங்கி வைத்த மாமிதான் மெல்லச் சொன்னா:

"உங்கையும் தலையாட்டிதானோ."

உங்கள் வீடுகளிலும் அந்தக் கதை இருக்கும். என் வீட்டுக் கதை இது. தீவை விட்டு ஓடி யாழ்ப்பாணப் பக்கம் ஒரு கொட்டிலில் இருந்த காலத்தில் ஒரு நாள் விடியப்புறம் ஆமியின் சுற்றிவளைப்பு. எல்லோரையும் ஒரு மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். சாக்கால் முகத்தை மூடிய ஒருவனை வாகனத்தில் இருத்தியிருந்தார்கள். அவனுக்கு முன்னால் வரிசையாகப் போக வேண்டும். என் அண்ணன் போனபோது அந்தச் சாக்கு ஆடியது. அண்ணனுக்குப் பதினேழு வயது, கல் உடைக்கிற வேலை. அம்மாவின் இடுப்பில் நான் இருந்தேனாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை. ஒரு வருடத்தில் அம்மாவும் செத்துப்போனா. ஐயாவும் நானும்தான் தீவுக்குத் திரும்பி வந்தோம்.

படத்தில் ஆட்கள் தட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தபோது, வேலியோரத்திலிருந்து ஐயா நடந்து வந்தார். மண்ணைத் தாண்டி, பாயைத் தாண்டி, கதிரைகளுக்கும் முன்னால் போய், பெட்டிக்கு முன்னே குனிந்து நின்றார். அவர் அதுவரை அந்த வளவின் நடுவுக்கு வந்ததே இல்லை.

"மறைக்குதல்லோ! தள்ளி நில்லும்" என்று கதிரையில் இருந்து ஒரு குரல்.

"தட்டில ஏறப்போறீரோ? இடம் இருக்கோ எண்டு பாரும்" என்றது இன்னொன்று.

சனம் திரும்பச் சிரித்தது. அந்தச் சத்தம் எல்லோருக்கும் தேவைப்பட்டது என்று இப்போது விளங்குகிறது. அன்றைக்கு எனக்கு அது என் ஐயாவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு மட்டும்தான். நான் முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

கடைசி ஆளும் ஏறினான். கதவு மூடியது. தட்டு மண்ணை விட்டுக் கிளம்பியது. அதோடு திரை நீலமாகிவிட்டது.

"மிச்சம்?" என்றார் ஐயா.

முதலாளி சீடிப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். "ரெண்டு சீடி இருக்க வேணும். ஒண்டுதான் வைச்சிருக்கிறான். மிச்சம் இல்லையப்பா."

"ஆரிட்ட இருக்கும்?"

"எனக்கென்னண்டு தெரியும்?"

கொப்பி கைமாறத் தொடங்கியது. எங்கள் முறை வந்தபோது, ஐயா எனக்குப் பக்கத்தில் குந்தினார். வழக்கமாக அவர் "நல்ல படம் எண்டு எழுது" என்பார், அவ்வளவுதான். அன்றைக்கு மட்டும் மெதுவாக, நான் எழுதுவதற்கு இடம் விட்டு விட்டுச் சொன்னார்.

"எழுது மோனை. ஏத்திக்கொண்டு போன ஆக்கள் திரும்பி வந்தவையோ? மிச்சத்தைப் பார்த்த ஆரும் இருந்தால் ஒரு வரி எழுதிவிடுங்கோ. நானும் ஒரு தேப்பன்."

எனக்கு மேலே எழுதியிருந்தது, எங்கள் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வருகிறவள். அழகான எழுத்து. என் ஐயா சொன்னதை அதற்குக் கீழே எழுதினால், நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்: இவளுடைய தேப்பனுக்குப் படமும் நிசமும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. புலமைப்பரிசில் சோதனைக்குக் கட்டுரை பாடமாக்கிக்கொண்டிருந்த நேரம் அது. என் கை தானாக எழுதியது:

"இப்படம் அறிவியலின் வளர்ச்சியை எடுத்துக்காட்டும் ஒரு சிறந்த படமாகும். விண்வெளியில் உயிர்கள் வாழ்கின்றனவா என்னும் வினாவுக்கு இப்படம் விடை கூற முயல்கின்றது. காட்சிகள் கண்ணுக்கு விருந்தாக அமைந்துள்ளன. எனவே இத்தகைய படங்களை நாம் அனைவரும் பார்த்துப் பயன்பெறுவோமாக."

ஐயா என் பேனையின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னது கொஞ்சமெல்லோ. நீ கனக்க எழுதிறாய்."

"எழுதேக்க அப்பிடித்தான் வரும் ஐயா."

"ஓமோம்" என்றார். நான் எழுதி முடித்த இடத்தைப் பெருவிரலால் ஒருமுறை தொட்டார். பனை மட்டையின் கருக்கு அறுத்து அறுத்துத் தேய்ந்த விரல். மை காயவில்லை, கடைசிச் சொல் கொஞ்சம் இழுபட்டது. எனக்குக் கோபம் வந்தது.

அந்தப் பக்கத்தின் எந்த இடத்தில் எங்கள் எழுத்து இருக்கிறது என்று அந்த இழுபட்ட மையை வைத்து ஐயா அடையாளம் பிடித்துக்கொண்டார். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் யன்னலில் கொப்பியை விரித்துப் பார்ப்பார். மூன்றாம் நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

"எங்கட எழுத்துக்குக் கீழ ஆரோ எழுதிக்கிடக்கு. வாசி."

வாசித்தேன். சட்டி மூடிக்குப் பிடி இருக்கிறது என்று ஒருவர். தட்டில் கட்டியது இருபதாம் நம்பர் தங்கூசி அல்ல, முப்பது என்று ஒருவர். வாளியைக் குப்புறக் கவிழ்த்தால் ஆருக்கும் தலை ஆடும் என்று ஒருவர்.

"எனக்குப் பதில் இல்லையோ?"

"இல்லை ஐயா."

அது பொய்யில்லை. அதனால்தான் சொல்வது சுகமாக இருந்தது.

ஐந்தாறு நாள் போல இருக்கும். ஐயா ஓடாத குறையாக வந்தார். "சிவப்பு மையால ஆரோ எழுதியிருக்கினம் மோனை. எங்கட எழுத்துக்குப் பக்கத்திலேயே."

போய்ப் பார்த்தோம். சிவப்பு மை என்றால் பெரிய வாத்தியார்தான். ஓய்வெடுத்த பிறகும் சிவப்புப் பேனையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர். என் கட்டுரையின் ஓரத்தில் ஒரு சரி போட்டு, "மிக நன்று" என்று எழுதியிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. அதுவரை என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய சந்தோசம் வந்ததில்லை.

"என்னெண்டு கிடக்கு?"

"மிக நன்று எண்டு."

ஐயா அந்தச் சிவப்பு எழுத்துக்குக் கிட்டக் குனிந்தார். "நான் ஒண்டைக் கேட்டனான். கேட்டதுக்கு மிக நன்று எண்டால் அதுக்கு என்ன கருத்து?"

"தெரியாது ஐயா" என்றேன். அவர் கொப்பியை மூடி, கயிற்றின் முறுக்கை அவிழ்த்து நேராகத் தொங்கவிட்டார். பிறகு அதைத் தொடவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் படத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. நான் தனியப் போய்க் கருத்து எழுதினேன். ஒவ்வொரு கிழமையும் சிவப்பு மை கிடைத்தது. உங்களில் சிலர் பொறாமைப்பட்டதும் எனக்குத் தெரியும்.

அதற்கு முன் ஐயா கேட்டுக்கொண்டே திரிகிறவர். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் வந்தால், இறங்குகிறவர்களிடம் அண்ணனின் அடையாளம் சொல்லிக் கேட்பார்: இடது புருவத்தில் வெட்டு, நெடுவல், கல் உடைத்த கை. காரைநகரிலிருந்து வந்த வள்ளக்காரரிடமும் கேட்பார். அது நின்றுபோனது. ஒருநாள் சோறு குழைத்துக்கொண்டிருக்கும்போது தானாகச் சொன்னார்:

"ஊர் முழுக்க வாசிச்சதுதானே. படிச்ச சனம் எல்லாம் வாசிச்சது. ஒருத்தருக்கும் ஒரு வரி எழுத மனம் வரேல்லை. தெரியாது எண்டாவது எழுதியிருக்கலாம்."

அப்போதுதான் எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. சொல்லியிருக்கலாம். எனக்குப் பத்து வயது. சோதனையில் பாஸானால் சொல்லலாம் என்று நினைத்தேன். பாஸானேன். பாஸான பிறகு எப்படிச் சொல்வது?

பெரிய வாத்தியார் செத்தபோது ஊரே போனது. ஐயா போகவில்லை. செத்தவீட்டுப் பந்தலுக்குத் தடி வெட்டித் தரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். இடுப்புப் பிடித்திருக்கிறது, ஏலாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். இடுப்புக்கு ஒன்றும் இல்லை. வாசலில் இருந்து பறை கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு திரும்பச் சண்டை வந்தது, முடிந்தது. காணாமல் போனவர்களின் பெயர் பதியச் சொல்லி ஊர்காவற்றுறைக்கு அரசாங்கத்து ஆட்கள் வந்தார்கள். ஒரு முறை அல்ல, பல முறை. அப்போது நான் உயர்தரம் முடித்திருந்தேன். படிவம் வாங்கி வந்து என் மிக அழகான எழுத்தில் நிரப்பினேன். பெருவிரல் அடையாளம் வைத்தால் போதும். ஐயா பெருவிரலை உள்ளே வைத்துக் கையைப் பொத்திக்கொண்டார்.

"எழுதிக் குடுத்தால் பதில் வராது மோனை. நான் அதை அப்பவே கண்டனான்."

"எங்க கண்டனீங்கள்?" என்று நான் கேட்கவில்லை. அண்ணனின் பெயர் இன்றுவரை ஒரு பட்டியலிலும் இல்லை.

நான் இப்போது ஒரு கந்தோரில் வேலை செய்கிறேன். எழுதத் தெரியாதவர்கள் வந்து சொல்வதைப் படிவத்தில் எழுதுவதும் என் வேலை. அவர்கள் சொன்னபடியே எழுதுவேன். மேலதிகாரி, "கொஞ்சம் வடிவாய்த் திருத்தி எழுதலாமே பிள்ளை" என்பார். மாட்டேன் என்பேன். திமிர் பிடித்தவள் என்று பெயர்.

போன மாதம் தட்டுப் படம் கிடைத்தது. கைத்தொலைபேசியில், தட்டு, வாளித் தலை என்று இங்கிலிசில் தட்டித் தட்டித் தேடினேன். முழுப் படம். சிரித்துக்கொண்டு பார்க்கத் தொடங்கி, அந்தக் கதவு மூடிய இடத்தில் ஒருமுறை நிறுத்தினேன். மிச்சத்தைப் பார்த்தேன்.

மிச்சத்தில் ஒரு விஞ்ஞானி ஏதோ ஒரு கருவியைக் கண்டுபிடிக்கிறான். தட்டுகள் ஒவ்வொன்றாக விழுகின்றன. அந்தத் தட்டும் விழுகிறது, அதே பிடியுள்ள சட்டி மூடி. வயலில் விழுந்து எரிகிறது. கதாநாயகனும் கதாநாயகியும் அதைப் பார்த்தபடி கட்டிப்பிடிக்கிறார்கள். முடிந்தது. உள்ளே இருந்தவர்களைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. கதவை ஒருவரும் திறக்கவில்லை. ஆட்களை இறக்கிக் காட்டக் காசு இல்லாமல் போயிருக்கலாம். மறந்தும் போயிருக்கலாம்.

படத்துக்குக் கீழே, பார்த்தவர்களின் கருத்துகள். ஒவ்வொன்றாகக் கடைசிவரை வாசித்தேன். நூல் தெரிகிறது என்கிறார்கள். ஒரே கார் திரும்பத் திரும்பப் போகிறது என்கிறார்கள். இவ்வளவு மோசமான படத்தை இவ்வளவு விருப்பத்தோடு பார்த்ததில்லை என்கிறார் ஒருவர். நாங்கள் அந்த வளவில் சொல்லாதது ஒன்றும் அதில் இல்லை. ஐயா கேட்டதைக் கேட்டவரும் அதில் இல்லை.

முதலாளி இப்போது மகளோடு வெளிநாட்டில். அவரை அழைத்துக் கொப்பியைப் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் கறையான் அரிச்சுப் போச்சு பிள்ளை. உம்மட எழுத்து எனக்கு இப்பவும் நினைவிருக்கு, வாத்தியார் எல்லாரிட்டையும் காட்டினவர்" என்றார்.

அன்று பின்னேரம் ஐயாவிடம் சொன்னேன். அவருக்குக் கண் இரண்டும் மங்கிவிட்டது. கயிற்றுக் கட்டிலில் இருந்து, வேலி கட்டுகிற கயிற்றைச் சும்மா கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்தத் தட்டுப் படத்துக் கொப்பியில, நீங்கள் சொன்னதை நான் எழுதேல்லை."

கை நின்றது. "அப்ப என்னத்தை எழுதினனீ?"

"கட்டுரை."

"நான் சொன்னது ஒண்டும் இல்லையோ?"

"இல்லை."

என்னை ஏசுவார் என்று பார்த்தேன். ஏசியிருந்தால் நல்லது. அவர் கயிற்றைக் கட்டிலில் வைத்தார்.

"அப்ப ஆரும் வாசிக்கேல்லை."

"ஓம் ஐயா."

"அப்ப அவையில பிழையில்லை." பிறகு சொன்னார்: "வாத்தியார்ட செத்தவீட்டுக்கு நான் போகேல்லை."

நான் படிவத்தை எடுத்து வந்தேன். இன்னும் பெட்டிக்குள் இருந்தது. அவர் தலையை ஆட்டினார். "இவ்வளவு பிந்திப் போனால், இவ்வளவு காலமும் தேப்பன் எங்க கிடந்தவன் எண்டு கேப்பினம். என்ன சொல்லுறது?"

படிவத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "மிச்சம் ஆரிட்டையும் கிடைச்சதோ?" என்று கேட்டார்.

"எனக்குக் கிடைச்சது."

"திரும்பி வந்தவையோ?"

கந்தோரில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறவள் நான். "படத்தில அதைக் காட்டேல்லை ஐயா" என்றேன்.

"காட்டேல்லை எண்டால், தெரிஞ்ச ஆரும் இருப்பினம். இப்பவும் எழுதலாமோ?"

"எழுதலாம்."

அவர் சொன்னார், நான் அந்தப் படத்துக்குக் கீழே எழுதினேன். அன்றைக்குச் சொன்ன அதே சொற்கள், ஒன்றும் மாறவில்லை. இருபது வருடமாக மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார். தேப்பன் என்றே எழுதினேன். கீழே அவருடைய பெயரைப் போட்டேன். போடு முன் இரண்டு தரம் அவருக்கு வாசித்துக் காட்டினேன். பெருவிரலால் தொட வேண்டும் என்றார். தொலைபேசிக் கண்ணாடியில் அவருடைய விரலைப் பிடித்து வைத்தேன். அந்த விரலுக்கு அது அசையவில்லை. நான்தான் அழுத்தினேன்.

அந்தக் கருத்துகளுக்குள் தமிழ் எழுத்தில் இருப்பது அது ஒன்றுதான். மிச்சத்தைப் பார்த்தவர்கள் ஒரு வரி எழுத வேண்டும் என்று அது கேட்கிறது. நான் பார்த்தவள். எனக்கு எழுதவும் தெரியும்.

கந்தோரால் வந்து கால் கழுவு முன்பே ஐயா கேட்டுவிடுவார். இன்றைக்கும் கேட்டார்.

"ஆரும் எழுதியிருக்கினமோ?"

"இல்லை ஐயா."

"வடிவாய்ப் பார். சிவப்பு மையால எண்டாலும்?"

"இல்லை ஐயா."